கோல்ஃப் கிளப்பும் வியாசர்பாடி மைதானமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பின் வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். கிளப்பை நிறுவிய பாபி ஜோன்ஸ், கிளிஃபோர்ட் ராபர்ட்ஸ், 1934-ல் தொடங்கிய மாஸ்டர்ஸ் போட்டி, வென்றவருக்குப் போர்த்தும் பச்சைக் கோட்டு எல்லாம் சரியாகவே வந்திருந்தன. ஆனால், சாம்பியன்ஷிப் கோர்ஸ், அதாவது பெரிய போட்டிக்குரிய கோல்ஃப் திடல் என்பது பணக்காரர்கள் பணத்தைக் கொட்டி அமைத்துக்கொள்வது, அதில் நமக்குத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் படித்து முடித்ததும் மிஞ்சுகிறது. புல்தரை வேலை செய்பவர்கள் என்ற முறையில் இதை ஏற்க முடியவில்லை. அந்தத் திடல்களின் வரலாறு பெரும்பாலும் தண்ணீரை வடிய வைத்த வரலாறு. ஒரு மழைக்கே நாள்கணக்கில் குளமாக நிற்கும் வடசென்னை மைதானங்களுக்கு அந்த வித்தை இன்றைக்குத் தேவைப்படுகிறது.

முதலில் பெயரைப் பற்றி. 'சாம்பியன்ஷிப் கோர்ஸ்' என்று பட்டம் கொடுக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. இரண்டு மூன்று கோர்ஸ் வைத்திருக்கும் கிளப்கள், அவற்றில் நீளமானதும் கடினமானதுமான ஒன்றுக்குத் தாங்களே அந்தப் பெயரை வைத்துக்கொள்கின்றன. இன்றைக்கு 18 குழி, 7,000 கெஜத்தை ஒட்டிய நீளம் என்பது வழக்கம். 1860-ல் முதல் ஓபன் (பிரிட்டிஷ் ஓபன்) போட்டி நடந்தபோது ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் திடலில் இருந்தவை 12 குழிகள்தான். எட்டுப் பேர் ஒரே நாளில் மூன்று சுற்று ஆடினார்கள். வில்லி பார்க் வென்றார்.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, கோல்ஃபின் தாய்வீடு என்று சொல்லப்படும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய கோர்ஸ் எந்தத் தனியார் கிளப்புக்கும் சொந்தமில்லை என்பது. அது ஊர்ப் பொதுநிலம். 1974-ல் பிரிட்டன் நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி ஓர் அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. 18 குழி என்ற கணக்கே அங்கிருந்துதான் வந்தது. 1764-ல் 22 குழிச் சுற்றைச் சுருக்கி 18 ஆக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கே ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாயோடும் குழந்தைகளோடும் ஃபேர்வே என்னும் ஆட்டப் புல்வெளியில் நடப்பார்கள், புல்லுக்கும் ஒருநாள் ஓய்வு கிடைக்கும். 2022-ல் 150-வது ஓபன் நடந்ததும் அதே திடலில்தான். பொதுமைதானம் என்றால் மட்டமாகத்தான் இருக்கும் என்று நம் ஊரில் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் திடலை 1860-களிலிருந்து 1903 வரை பராமரித்தவர் பழைய டாம் மாரிஸ். ஓபனை நான்கு முறை வென்றவர். தொழிலோ புல்தரைக் காவல். பிரெஸ்ட்விக்கில் இருந்தபோது ஒரு தள்ளுவண்டி மணல் தவறிக் கொட்டிய இடத்தில் புல் செழித்து வந்ததைப் பார்த்துத்தான் மணல் தூவும் பழக்கத்தைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் விட்டுச் சென்ற முறை இன்றும் மாறவில்லை. செத்த தண்டும் வேரும் தரைமட்டத்தில் பஞ்சுபோல் சேரும். மழையில் அந்தப் பஞ்சு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கும் அதுவே இடம். மெல்லிதாக மணல் தூவினால் பஞ்சுக்கு நடுவே இறங்கிக் காற்றுக்கு வழி விடும், மேடுபள்ளத்தையும் சமன் செய்யும். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் கிரீன் என்பார்கள். 500 சதுர மீட்டர் கிரீன் ஒன்றுக்கு 2 மி.மீ. கனத்தில் தூவ ஒரு கன மீட்டர், அதாவது சுமார் 35 கன அடி மணல் போதும். இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒரே தடவையில் கனமாகக் கொட்டினால் இலை மூச்சுமுட்டி மஞ்சளாகும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பருமனுள்ள மணலைப் போட்டால் மண்ணுக்குள் அடுக்கு அடுக்காக நிற்கும். ஒவ்வோர் அடுக்கின் எல்லையிலும் நீர் தேங்கி, வேர் அதைத் தாண்டி இறங்காது.

இனி அகஸ்டா. அது கடற்கரை மணல் இல்லை, ஜார்ஜியா மாநிலத்துக் களிமண். அவுரித் தோட்டமாக இருந்து, 1850-களில் பெர்க்மான்ஸ் குடும்பத்தின் ஃப்ரூட்லேண்ட் நாற்றுப் பண்ணையாக மாறிய 365 ஏக்கர். அங்கே ஒவ்வொரு குழிக்கும் ஒரு செடியின் பெயர் இருப்பது அதனால்தான். கோர்ஸை வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி 1934 ஜனவரியில் இறந்துவிட்டார். மார்ச்சில் நடந்த முதல் போட்டியை அவர் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் கிளப்பை மூடி, புல்லைக் கட்டுக்குள் வைக்கவும் வருமானத்துக்காகவும் மாடுகளையும் வான்கோழிகளையும் விட்டார்கள். மாடுகள் புல்லோடு நிற்காமல் செடிகளின் பட்டையையும் தின்று தீர்த்தன. திடலைத் திரும்பச் சீராக்கும் வேலையில் ஜெர்மானியப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

1980-ல் அகஸ்டாவின் கிரீன்களை பெர்முடா புல்லிலிருந்து பென்ட் புல்லுக்கு மாற்றினார்கள். பென்ட் குளிர்நாட்டுப் புல், ஜார்ஜியா வெயில் அதற்கு ஆகாது. கோடை முழுக்க கிளப்பை மூடி வைக்க அதுவும் ஒரு காரணம். பின்னாளில் கிரீனின் அடியில் ஓடும் வடிகால் குழாய்களோடு காற்று உறிஞ்சும் இயந்திரத்தையும் பொருத்தினார்கள். மழை நின்றதும் அதை ஓட்டினால் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கீழ்நோக்கி இழுத்துவிடும். தொலைக்காட்சியில் பளபளக்கும் பச்சையின் கீழே இவ்வளவு வேலை இருக்கிறது.

கிரீனுக்கு அடியில் இருப்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம், இந்தக் கடிதத்துக்கு அதுதான் மையம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட அமைப்பு முறையை, சிறு மாற்றங்களோடு, இன்றும் உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். தோண்டிக் கெட்டித்த அடித்தளத்தில் 5 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் வாய்க்கால் வெட்டி, 10 செ.மீ. விட்டமுள்ள துளையிட்ட குழாயை, 200-க்கு ஒன்று என்ற அளவுக்காவது சரிவு கொடுத்துப் பதிப்பார்கள். அதன்மேல் 10 செ.மீ. கனத்துக்குச் சிறு ஜல்லி. அதற்கும் மேலே 30 செ.மீ. மணல் கலவை, மேற்பரப்பில் புல். 500 சதுர மீட்டர் கிரீனுக்கு நம் ஊர்க் கணக்கில் (ஒரு யூனிட் 100 கன அடி) ஜல்லி சுமார் 18 யூனிட், மணல் சுமார் 53 யூனிட் ஆகும்.

மணல் ஜல்லியின்மேல் நேராக உட்காரும்போது மெல்லிய மணல் நீரை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் நீர் எளிதில் இறங்காது. அதனால் வெயில் நாளில் வேருக்கு ஈரம் இருக்கும். கனமழையில் மணல் முழுக்க நிறைந்ததும் தாங்கமுடியாமல் நீர் ஜல்லிக்குள் இறங்கி ஓடிவிடும். ஒரே அமைப்பு இரண்டு வேலை செய்கிறது. அதற்கு மணலில் பெரும்பகுதி, குறைந்தது 60 சதவீதம், கால் மி.மீ. முதல் ஒரு மி.மீ. வரையுள்ள பருமனாக இருக்க வேண்டும். வண்டல் 5 சதவீதத்தையும் களி 3 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. ஜல்லியும் பெரும்பாலும் 6 முதல் 9 மி.மீ. வரையுள்ளதாக இருக்க வேண்டும். முக்கால் அங்குல ஜல்லியைப் போட்டால் மணல் அதற்குள் சரிந்து ஒன்றிரண்டு மழைக்காலத்தில் குழாயை அடைத்துவிடும். அடைப்பைத் தடுப்பதாக நினைத்துக் குழாயின்மேல் துணி சுற்றுவதும் தவறு; நுண்தூசி அந்தத் துணியிலேயே படிந்து அதை மூடிவிடும்.

இவையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் ஒரு வாய்ப்பு உண்டு. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மி.மீ. அதை நாள்தோறும் வேறிடத்துக்கு மாற்றுவார்கள், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் மிதிபட்டுப் புல் செத்துவிடும். குழிவெட்டியைச் செங்குத்தாக இறக்கித் திருகி எடுத்தால் உருளையாக மண் வெளியே வரும். பழகியவர்கள் அதை உடனே பழைய குழியில் வைத்து மூடமாட்டார்கள். கையில் வைத்துப் பார்ப்பார்கள். வேர் வெள்ளையாக அடிவரை இறங்கியிருந்தால் நல்லது. நடுவில் கறுத்த பட்டை ஓடி, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே நீர் தேங்கிக் காற்று போகவில்லை என்று பொருள். அந்த இடத்தில் வெற்றுக்குழல் பல் பொருத்திய கருவியால் துளைபோட்டு மண்ணை எடுத்துவிட்டு, துளையை மணலால் நிரப்ப வேண்டும். பிறகுதான் அந்த உருளை பழைய குழிக்குப் போகும். இரண்டு மி.மீ. தூக்கலாக நின்றாலும் அடுத்த நாள் வெட்டும் இயந்திரத்தின் கத்தி அதன் தலையைச் சீவிவிடும். கிரீனில் புல்லின் உயரமே 3, 4 மி.மீ. தானே. விடியற்காலையில் நீளமான மூங்கில் கழியை வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுவது பூஞ்சையைத் தடுக்கத்தான். இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறதோ அவ்வளவு பூஞ்சை.

பெர்முடா என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் அது. அந்த இனத்தையும் தென்னாப்பிரிக்காவின் மெல்லிலைப் புல் ஒன்றையும் இணைத்து, ஜார்ஜியாவின் டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி 1960-ல் டிஃப்வே, 1965-ல் டிஃப்ட்வார்ஃப் போன்ற ரகங்களை வெளியிட்டார். அவை மலட்டு ரகங்கள், விதை வைக்காது. கணுவோடு கூடிய கொடியை நட்டுத்தான் வளர்க்க முடியும். அந்தப் பெயர்களைச் சொல்லிப் பாக்கெட்டில் விதை விற்றால் அது அந்த ரகமே இல்லை.

இந்தியாவுக்கு வருவோம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகின் மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கிய கல்கத்தா கிளப். 1911-ல் 'ராயல்' பட்டம் பெற்றது. டோலிகஞ்சில் அதன் கோர்ஸ் தாழ்வான வயல் நிலத்தில் இருக்கிறது. ஆட்டத்தின் குறுக்கே வரும் குளங்கள் பந்தை விழுங்கும் தடையாகவும் இருக்கின்றன, மழைநீரை வாங்கும் இடமாகவும் இருக்கின்றன. தரையில் இருப்பது அருகம்புல். அந்தத் திடலில் புல்தரை வேலை பார்த்தவரின் மகன்தான் எஸ்.எஸ்.பி. சௌரசியா, 2016, 2017 இரண்டு ஆண்டுகளும் இந்திய ஓபனை வென்றார். 1991-ல் அதை வென்ற முதல் இந்தியர் அலி ஷேர், 2009-ல் வென்ற பெங்களூரு முனியப்பா ஆகியோரும் கேடி வேலையிலிருந்து, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப்பையைச் சுமக்கும் வேலையிலிருந்து வந்தவர்களே. அகஸ்டாவில் 1982 வரை கிளப்பின் கேடிகளைத்தான் ஆட்டக்காரர்கள் வைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அதே கிளப் ஒரு கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்றது 1990-ல், பெண்களை ஏற்றது 2012-ல். இந்த ஆண்டுகளைச் சொல்லாமல் அந்தக் கிளப்பின் வரலாற்றை எழுதுவது நியாயமில்லை.

சென்னையில் கோல்ஃப் என்றால் தெற்கேதான். நந்தனத்தில் காஸ்மோபாலிட்டன் கிளப்பின் திடல், கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் நடுவே ஜிம்கானா கிளப் ஆடிவந்த திடல். 2024-ல் பந்தய மைதானத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தபின், வெள்ளத்தைத் தாங்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. வழக்குகளுக்குள் நாங்கள் போகவில்லை. நகரத்தின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் வேலையை ஒரு விளையாட்டுத் திடலிடம் கொடுக்கலாம் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

வடசென்னையில் கோல்ஃப் திடல் கிடையாது, வேண்டும் என்றும் கேட்கவில்லை. எங்களுக்குக் கால்பந்து இருக்கிறது. வியாசர்பாடி, பெரம்பூர், தண்டையார்பேட்டைப் பிள்ளைகள் விளையாடும் மைதானங்களில் ஐப்பசி, கார்த்திகையில் முட்டளவு நீர் நிற்கும். தையில் வெடித்த களிமண், பங்குனியில் புழுதி. ராயபுரம், காசிமேடு பக்கம் கடலோர மணல் என்பதால் நீர் வடிந்துவிடும், உள்ளே தள்ளியிருக்கும் வியாசர்பாடி, கொடுங்கையூரில்தான் கஷ்டம். 'சீரமைப்பு' என்று நடப்பதில் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். வாய்க்கால் வெட்டிக் குழாய் பதித்தபின், தோண்டிய களிமண்ணையே திரும்ப மேலே போட்டு மூடுகிறார்கள். குழாய் கீழே இருக்கும், நீர் மேலே இருக்கும், இரண்டும் சந்திக்காது. அடுத்து, பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று மேலே செம்மண் பரப்புகிறார்கள். ஒரே மழையில் அது சேறாகி மணலின் வாயை அடைத்துவிடும். கடைசியாக, களிமண்ணில் வளர்த்த பாய்ப்புல்லைக் கொண்டுவந்து விரிக்கிறார்கள். அந்தப் பாயோடு ஒட்டிவரும் களி, மணலுக்கும் மழைக்கும் நடுவே மூடியாக நின்றுவிடுகிறது.

கிரீனுக்குச் செய்யும் முழு அமைப்பு கால்பந்து மைதானத்துக்குத் தேவையில்லை. 90 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலமுள்ள மைதானம் என்று வைத்துக்கொள்வோம். அகலவாட்டில் 5 மீட்டருக்கு ஒன்றாக 18 வாய்க்கால், 15 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். ஏறத்தாழ 1,080 மீட்டர் நான்கு அங்குலத் துளைக்குழாய், 14 யூனிட் சிறு ஜல்லி. ஜல்லி தரைமட்டம் வரை வர வேண்டும், அதன்மேல் மைதானம் முழுக்க 10 செ.மீ. மணல். இது சுமார் 190 யூனிட். மணலின் கனம் இதைவிடக் குறைந்தால் பயனும் குறையும். நடுவில் உயர்த்தி இரு பக்கமும் நூற்றுக்கு ஒன்று சரிவு கொடுத்தால் நடுக்கோடு ஓரத்தைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்.

நீர் வெளியேறும் வாய்தான் இந்தப் பக்கத்தில் பெரிய சிக்கல். மழை வலுக்கும்போது தெருவின் மழைநீர்க் கால்வாயில் மட்டம் ஏறி, மைதானத்து நீர் போவதற்குப் பதிலாகக் கால்வாய்த் தண்ணீர் குழாய் வழியே உள்ளே வரும். ஆகவே மூலையில் ஒரு சேமிப்புத் தொட்டி, குழாய் முனையில் ஒருவழிக் கதவு, ஒரு பம்பு மூன்றும் கட்டாயம். திட்ட மதிப்பீட்டில் முதலில் வெட்டுப்படுவது இவைதான். இவை இல்லாவிட்டால் மற்ற செலவு எல்லாம் வீண்.

மணல் வாங்கும்போது சலிக்காத எம்-சாண்டை ஏற்றக்கூடாது, கல்தூசி துளையை மூடிவிடும். கடல்மணலில் உப்பு. லோடு இறக்கும் முன் நேரான கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணலும் முக்கால்வரை நீரும் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தால் மேலே வண்டல் தனியாகப் படியும். மணலின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் அது இருந்தால் லோடைத் திருப்பி அனுப்ப வேண்டும். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் சலித்துப் பார்ப்பதுதான் முடிவு.

பாசன நீரிலும் கவனம் வேண்டும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது எல்லோரும் அறிந்தது. வடக்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு இருக்கிறது. அருகம்புல் ஓரளவு தாங்கும். மண்ணின்மேல் வெள்ளை பூத்தால், மாதம் ஒருமுறை நல்ல நீரை நிறைய விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்க வேண்டும். அதற்கும் வடிகால் இருந்தால்தான் முடியும். கொடுங்கையூரில் சுத்திகரித்த கழிவுநீர் மணலி ஆலைகளுக்குக் குழாயில் போகிறது. உலகில் பல கோல்ஃப் திடல்கள் அத்தகைய நீரில்தான் வளர்கின்றன. அதில் ஒரு சிறு பங்கை இந்த மைதானங்களுக்குத் தரலாம்.

செயற்கைப் புல் விரித்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று சிலர் சொல்கிறார்கள். சித்திரை மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலும் வெறுங்காலில் ஆடும் பிள்ளைகளுக்கு அது ஆகாது. பத்தாண்டுக்குள் தேய்ந்துபோவதை மாற்றவும் வேண்டும், மாற்றியதை எங்கே கொட்டுவது என்றும் பார்க்க வேண்டும்.

விளையாட்டுப் பக்கத்தில் கிளப்களைப் பற்றி எழுதும்போது இனி திடலைப் பராமரிப்பவர்களிடமும் கேட்டு எழுதும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். மைதானங்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் காலம் பற்றியது. வைகாசிக்குள் வாய்க்கால் வேலையும் மணலும் முடிந்திருக்க வேண்டும். ஆடிப் பட்டத்தில் அருகம்புல் கொடியைச் சாண் இடைவெளிக்கு மிகாமல் நட்டால், எட்டுப் பத்து வாரத்தில் தரை மூடி, வடகிழக்குப் பருவமழைக்கு வேர் பிடித்திருக்கும். அதுவரை யாரும் விளையாடாமல் இருக்க மாற்று இடம் சொல்ல வேண்டும். முதல் வெட்டு 4 செ.மீ. உயரத்தில், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. பிறகு படிப்படியாக 2.5 செ.மீ.க்கு இறக்கலாம். கோல் கம்பங்களை நகர்த்தக்கூடியவையாகச் செய்து, மாதம் ஒருமுறை சில மீட்டர் தள்ளி வைத்தால் கோல் வாசலில் புல் அழியாது. கோரை தலைகாட்டினால் கிழங்கோடு கையால் எடுக்க வேண்டும்; விட்டால் அடுத்த ஆடிக்குள் மைதானம் முழுக்கக் கோரையாகிவிடும்.

இப்படிக்கு,
புல்தரைப் பராமரிப்பாளர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை – 39.